லியான் ஃப்ளைஷர்: மடங்கிப்போன இரண்டு விரல், நடுவில் முப்பது வருடம்

#1 இரவுராகம்

வணக்கம் நண்பர்களே. இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தேன், இப்போதுதான் நேரம் வாய்த்தது. நம் மேற்கத்திய இசைப் பகுதியில் பியானோ என்று பேச்சு வந்தால் ஹொரோவிட்ஸ், ரிக்டர், கூல்ட் என்று மூன்று நான்கு பெயருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறோம். லியான் ஃப்ளைஷர் பெயர் எங்காவது வந்தால்கூட "கை போய் முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தாரே, அவர்தானே" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கை போனதையும் வந்ததையும் எல்லோரும் சொல்கிறார்கள், நடுவில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து வருகிறேன். 1928 ஜூலை 23, சான் பிரான்சிஸ்கோ. கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பா தொப்பி செய்து விற்பவர். பியானோ வகுப்பு உண்மையில் அண்ணனுக்குத்தான் வைத்தார்கள். ஆசிரியர் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தம்பி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான், வகுப்பு முடிந்து அண்ணன் வெளியே விளையாட ஓடியதும் இவன் போய் உட்கார்ந்து அவ்வளவையும் வாசித்துவிடுவான். அதோடு வகுப்பு தம்பிக்கு மாறியது. அப்போது வயது நாலு. எட்டு வயதில் மேடை. அம்மாவுக்கு மகனைப் பற்றி இரண்டே கனவு: ஒன்று, அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி, அது இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞன்.

அப்புறம் அந்த இரவு விருந்து. ஆர்தர் ஷ்னாபெல் அப்போது உலகம் மதித்த பியானோ கலைஞர், பேத்தோவன் தனிப் பியானோவுக்கு எழுதிய 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுதாக ஒலிப்பதிவு செய்தவர். பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் மாணவராகச் சேர்ப்பதில்லை என்று விதியே வைத்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனியின் முன்னாள் நடத்துநர் ஆல்ஃப்ரெட் ஹெர்ட்ஸ் வீட்டில் அவருக்கு விருந்து. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பையனை அடித்தள வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து பியானோ முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். சாப்பாடு முடிந்து கூடத்துக் கதவைத் திறந்தால் ஒன்பது வயதுப் பையன் தயாராக உட்கார்ந்திருக்கிறான், பெரியவர் எங்கே போவார்? கேட்டார். கேட்டபிறகு விதியைத் தள்ளிவைத்தார். 1938 கோடையில் பையன் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ஷ்னாபெலிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தான்.

இந்தக் குரு பரம்பரையைப் பாருங்கள்: பேத்தோவனிடம் செர்னி, செர்னியிடம் லெஷெடிட்ஸ்கி, லெஷெடிட்ஸ்கியிடம் ஷ்னாபெல், ஷ்னாபெலிடம் ஃப்ளைஷர். ஷ்னாபெல் வகுப்பில் ஒருவர் பாடத்தை மற்ற மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் ஊர் குருகுலம் மாதிரிதான். பத்து வருடம் அப்படி.

1944-ல், பதினாறு வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை). நடத்தியவர் பியர் மோண்ட்டூ, இந்த நூற்றாண்டின் பியானோ கண்டுபிடிப்பு இவன் என்று சொன்னவர். 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு, அதை வென்ற முதல் அமெரிக்கர். மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன், அதற்குள் கேட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 வெள்ளைக்கட்டை

இந்த இழைக்கு முதலில் நன்றி. நான் ஃப்ளைஷரைக் கண்டுபிடித்தது ஒரு பழைய இசைத்தட்டுப் பெட்டியில். ஜார்ஜ் செல் நடத்தும் கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு 1959-ல் இருந்து 61-க்குள் பதிவுசெய்த பேத்தோவன் கான்செர்ட்டோ ஐந்தும். எனக்கு இன்றுவரை அதுதான் அளவுகோல்.

நாலாவது கான்செர்ட்டோவின் ஆரம்பத்தை மட்டும் கேளுங்கள். அந்தக் காலத்தில் கான்செர்ட்டோ என்றால் ஆர்கெஸ்ட்ரா முதலில் நீளமாக வாசித்து முடிக்கும், அப்புறம்தான் பியானோ வரும். இதில் பேத்தோவன் பியானோவைத் தனியாக, மெதுவாக, ஐந்தே ஐந்து பாரில் (பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) தொடங்கவைக்கிறார். ஒரே சுரக்கொத்து திரும்பத் திரும்ப வரும் இடம் அது, அதில் ஒரு கட்டை கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் காரியம் கெட்டுப்போகும். ஃப்ளைஷர் அதை வாசிக்கும்போது ஒருவர் அறைக்குள் வந்து தாழ்ந்த குரலில் பேச்சைத் தொடங்குவது மாதிரி இருக்கும். அடுத்து ஆர்கெஸ்ட்ரா எங்கோ தூரத்து சுருதியில் பதில் சொல்கிறது. செல் கண்டிப்புக்குப் பேர்போனவர், அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வில்கூடத் தனியாகப் போகாது. அந்தக் கண்டிப்பும் இவருடைய மூச்சுவிடும் வாசிப்பும் சேர்வது அபூர்வம்.

பிராம்ஸ் இரண்டும்கூட அதே ஜோடிதான், முதலாவது 1958, இரண்டாவது 1962. முதல் கான்செர்ட்டோவில் டிம்பனி முரசு உருள ஆர்கெஸ்ட்ரா இடி மாதிரி இறங்கும், மூன்று நாலு நிமிடம் பியானோவே கிடையாது. அவ்வளவு புயலுக்குப் பிறகு பியானோ எப்படி வரப்போகிறது என்று காத்திருந்தால் அது ரொம்ப அமைதியாக வரும். அந்த நுழைவுக்காகவே நான் அந்தத் தட்டைத் தேய்த்திருக்கிறேன்.

அதனால் நடுப்பகுதிதான் முக்கியம் என்று இரவுராகம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃப்ளைஷர் என்றால் 1964 வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்தது பெரிய நஷ்டம், நஷ்டத்தை நஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

#3 மிருதங்கக்கை

நான் மேற்கத்திய இசை அதிகம் கேட்டவன் இல்லை. தலைப்பில் விரல் மடங்கியது என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். காரணம் இருக்கிறது. நான் பதினெட்டு வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். போன ஆடியில் இருந்து வலந்தலையில் (வலது பக்கத்தில்) சாப்பு என்ற அடியை வாசிக்கப் போகும்போது சுண்டுவிரல் சொன்னபடி நீள்வதில்லை, உள்ளே இழுத்துக்கொள்கிறது. வலியே இல்லை. சாப்பாடு பிசைய, சட்டை பொத்தான் போட எல்லாம் அதே விரல் ஒழுங்காக வேலை செய்கிறது. வாத்தியத்தில் வைத்தால் மட்டும் இப்படி. போன இடத்தில் பார்த்தவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை, மனதில்தான்" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் பெரியவர்கள் அசுர சாதகம் பண்ணு, சரியாகிவிடும் என்கிறார்கள். நானும் தினம் ஆறு மணி நேரம் உட்காருகிறேன், இன்னும் மோசமாகிறது.

ஃப்ளைஷருக்கு என்ன ஆனது, எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் விவரமாக எழுத முடியுமா?

#4 இரவுராகம்

மிருதங்கக்கை, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. நீங்கள் எழுதியிருப்பதுதான் கிட்டத்தட்ட அவர் சொல்வதும்.

1964. முப்பத்தாறு வயது, எல்லாம் கைக்கு வந்துகொண்டிருந்த நேரம். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மெல்ல உள்ளே சுருள ஆரம்பித்தன. வலி கிடையாது. செல்லோடும் கிளீவ்லாண்டோடும் சோவியத் நாட்டுக்குப் பெரிய பயணம் போக ஏற்பாடாகியிருந்தது, அதற்குத் தயாராக வேண்டும், விரல் சொன்னபடி கேட்கவில்லை, அதனால் இன்னும் அதிகமாக வாசித்தார். ஏழு எட்டு மணி நேரம். வாசிக்க வாசிக்க விரல்கள் இன்னும் இறுகின. பயணத்தில் இருந்து விலக வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் இரண்டு விரலும் உள்ளங்கையைத் தொடும் அளவுக்கு மடங்கிவிட்டன. தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது அந்த மூச்சுவிடாத பயிற்சிதான் என்று பிற்காலத்தில் அவரே மாணவர்களை எச்சரித்திருக்கிறார். தயவுசெய்து அந்த ஆறு மணி நேரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். யார் சொன்னாலும் சரி.

அவர் போகாத இடம் இல்லை. ஊசி, மின்சார சிகிச்சை, மனநல ஆலோசனை, தசையைப் பிசைந்து நீவும் சிகிச்சை, என்னென்னவோ. எந்த மருத்துவரும் அதற்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. தற்கொலை வரை யோசித்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குடும்பம் உடைந்தது. தலைமுடியும் தாடியும் வளர்த்து, ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நாலு வயதில் இருந்து ஒரே ஒரு வேலைக்காக வளர்க்கப்பட்ட ஒருவரிடம் அந்த ஒரு வேலையைப் பிடுங்கிக்கொண்டால் வேறு என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#5 நரம்போட்டம்

நான் நரம்பியல் மறுவாழ்வுத் துறையில் வேலை பார்க்கிறவள், அதனால் இதில் கொஞ்சம் தலையிடுகிறேன். மிருதங்கக்கை தம்பி, இணையத்தில் யாராலும் உங்களுக்கு என்ன என்று சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஃப்ளைஷருக்கு இருந்தது என்ன என்பது பிற்பாடு தெரிந்துவிட்டது, அதை விளக்கலாம்.

ஃபோகல் டிஸ்டோனியா என்று பெயர். இயக்கத்தைச் சீர்செய்யும் மூளைப் பகுதிகளில் வரும் கோளாறு. கையில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் நன்றாகவே இருக்கும், அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறது, வரைபடம் மாதிரி. ஒரே நுணுக்க அசைவைப் பல வருடம், கணக்கில்லாத தடவை, களைப்பிலும் பதற்றத்திலும் செய்துகொண்டே இருந்தால் சிலருக்கு அந்தக் கோடுகள் அழிந்து பக்கத்து விரல்களின் இடம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஒரு விரலை நீட்டச் சொன்னால் மடக்கும் தசையும் சேர்ந்து இழுக்கும். எல்லோருக்கும் வருவதில்லை, உடல்வாகும் ஒரு காரணம். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இது வரும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் குறிப்பிட்ட வேலையில் மட்டும் வரும் என்பது இதன் முக்கிய அடையாளம். எழுதும்போது மட்டும் கை இறுகும் எழுத்தர்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான்.

அதனால் "மனதில்தான்" என்று சொல்லி அனுப்புவது தப்பு. இன்னும் சாதகம் பண்ணு என்பதும் தப்பு, அழிந்த கோட்டை மேலும் தேய்ப்பதுதான் அது. அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், போகும்போது வாத்தியத்தையும் எடுத்துப் போங்கள். வாசிக்கும்போது பார்த்தால்தான் இது தெரியும்.

#6 மிருதங்கக்கை

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு வருடத்தில் யாரும் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. வாத்தியத்தை எடுத்துப் போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. நீங்கள் எல்லோரும் தொடருங்கள், நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

#7 இரவுராகம்

நரம்போட்டம், அருமையான விளக்கம். இதில் எனக்கு நெஞ்சு கனக்கும் விஷயம், ஃப்ளைஷருக்கு இந்தப் பெயர் தெரியவரவே 1990-கள் ஆகிவிட்டது. கால் நூற்றாண்டு, என்ன நோய் என்றே தெரியாமல்.

இப்போது நடுப்பகுதிக்கு வருகிறேன், வெள்ளைக்கட்டை கோபப்படாமல் படிக்க வேண்டும். இரண்டு வருடம் போலத் துவண்டு கிடந்தபிறகு அவருக்குப் புரிந்தது, தன்னுடைய உறவு இசையோடு, இரண்டு கையால் பியானோ வாசிப்பதோடு மட்டும் இல்லை என்று. சொல்ல ஒரு வரி, வாழ எவ்வளவு கடினம். 1967-ல் வாஷிங்டனில் டீனா காஸ்டனோடு சேர்ந்து தியேட்டர் சேம்பர் பிளேயர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1970-ல் அனாபொலிஸ் சிம்ஃபனியின் நடத்துநர், 1973-ல் பால்டிமோர் சிம்ஃபனியில் இணை நடத்துநர். 1986-ல் இருந்து 97 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநர். இதற்கெல்லாம் அடியில் ஒரு நீண்ட கோடு: 1959-ல் பால்டிமோரில் பீபடி இசைக் கல்லூரியில் கற்பிக்கச் சேர்ந்தவர் அறுபது வருடத்துக்கு மேல் அதை விடவே இல்லை.

#8 தெற்குவாசல்

//பால்டிமோர் சிம்ஃபனியில் இணை நடத்துநர்//

நேர்மையாகப் பேசலாமே. நடத்துநராக ஃப்ளைஷர் முதல் வரிசை கிடையாது. செல், மோண்ட்டூ பக்கத்தில் நிறுத்த முடியாது. பேரன்பாயிம், ஆஷ்கெனாஸி மாதிரி பியானோவில் இருந்து போய் நடத்துநராகவும் உலகப் பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அளவுக்கு இவர் பதிவுகளும் இல்லை. பரிதாபத்தால் ஒருவரைத் தூக்கிவைக்கக் கூடாது. அது அவருக்கே அவமரியாதை.

#9 இரவுராகம்

தெற்குவாசல், நீங்கள் சொல்வது சரி. நடத்துநராக அவர் செல் இல்லை, அப்படிச் சொல்ல நான் வரவில்லை. நடத்துவது அவரை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பியானோ கலைஞனுக்கு ஒரு வசதி உண்டு. தோன்றியதைக் கை உடனே சத்தமாக மாற்றித் தந்துவிடும், ஏன் அப்படி என்று யோசிக்கவேண்டியதே இல்லை. நடத்துநரின் கையில் சத்தமே கிடையாது. எண்பது பேர் முன்னால் நின்றுகொண்டு, சத்தம் வருவதற்கு முன்னாலேயே அதை உள்ளுக்குள் கேட்டாக வேண்டும், அதைச் சைகையாலும் வார்த்தையாலும் மற்றவருக்குள் வரவைக்க வேண்டும். கற்பிப்பதிலும் அதேதான் நடந்தது. கை நன்றாக இருந்த காலத்தில் மாணவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டிவிடுவார். கை போனபிறகு காட்ட வழியில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது, ஏன் இந்தச் சுரம் அடுத்ததை நோக்கிச் சாய்கிறது என்று வார்த்தை தேடிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால்தான் நல்ல ஆசிரியனாக ஆனேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. வாசிக்கும் ஒருவருக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பார். முதல் ஆள் வாசிப்பதற்கு முன்பே கேட்கிறவர், எது வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது ஆள் கட்டையை அழுத்துகிறவர். மூன்றாவது ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வந்த சத்தத்தைக் கேட்டு, முதல் ஆள் நினைத்ததுதான் வந்ததா என்று பார்த்துச் சொல்கிறவர். பெரும்பாலான மாணவர்களிடம் நடு ஆள் மட்டும்தான் வேலை செய்கிறார். கை போன மனிதர் மற்ற இரண்டு பேரையும் முப்பது வருடம் வளர்த்துக்கொண்டே இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று தாளம் பற்றி. ஒரு சுரத்தைப் பிந்தாமல், ஆனால் எவ்வளவு தள்ளி வாசிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வாசி என்பார்.

#10 மிருதங்கக்கை

கடைசியாகச் சொன்னது எனக்கு அப்படியே புரிகிறது! காலப்பிரமாணம் நிற்கிற வித்வான்களிடம் இது உண்டு. அடி சரியான இடத்தில்தான் விழும், ஆனால் விழுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை காத்திருந்த மாதிரி கேட்கும். அவசரப்படுகிறவன் கையில் அதே தாளச்சொல் ஒல்லியாகக் கேட்கும். இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

#11 வெள்ளைக்கட்டை

சரி, மூன்று ஆள் கதையை நான் கேள்விப்பட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், லூயி லோர்ட்டி, ஜோனதன் பிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள் என்பது தெரியும். இவர்கள் நாலு பேரும் ஒருவர் மாதிரி ஒருவர் வாசிப்பதில்லை, அதுவே நல்ல ஆசிரியருக்கு அடையாளம்தான்.

நடுப்பகுதி என்றால் இடது கை இசையைச் சொல்லாமல் விடக்கூடாது, அதை நான் எழுதுகிறேன். இது எல்லாமே வியன்னாவின் பால் விட்கென்ஷ்டைனில் இருந்து வருகிறது. தத்துவவாதி லுட்விக்கின் அண்ணன். 1914-ல் போர்முனையில் வலது கையை இழந்தார், பணக்காரக் குடும்பம், பெரிய இசையமைப்பாளர்களிடம் காசு கொடுத்து இடது கைக்கு மட்டும் கான்செர்ட்டோ எழுதி வாங்கினார். ராவெல், புரோகோஃபியெவ், பிரிட்டன், ஸ்ட்ராஸ், ஹிண்டமித். புரோகோஃபியெவ் எழுதியது புரியவில்லை என்று வாசிக்கவே இல்லை. ஹிண்டமித் 1923-ல் எழுதியதையும் வாசிக்கவில்லை, பூட்டிவைத்துவிட்டார். விட்கென்ஷ்டைன் மனைவியின் காலத்துக்குப் பிறகுதான் அது வெளியே வந்தது. 2004 டிசம்பரில், எழுதி 81 வருடம் கழித்து, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு சைமன் ரேட்டில் நடத்த அதன் முதல் அரங்கேற்றம். வாசித்தது ஃப்ளைஷர், வயது எழுபத்தாறு.

ஏன் இடது கைக்கு இவ்வளவு இருக்கிறது, வலது கைக்கு இல்லை என்று பலர் கேட்பார்கள். கையைக் கட்டைமேல் வைத்துப் பாருங்கள். இடது கையில் கட்டைவிரல் மேல் ஸ்தாயி பக்கம் இருக்கிறது. மெட்டு மேலே இருக்கும், அதை இருப்பதிலேயே பலமான விரல் எடுத்துக்கொள்ளும், மற்ற நாலும் கீழே தாங்கும். பெடலை மிதித்தால் கீழ்ச்சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது கை மேலே தாவிவிடலாம். வலது கையில் மெட்டு சுண்டுவிரலுக்குப் போய்விடும்.

ராவெலின் கான்செர்ட்டோ பாதாளத்தில், டபுள் பாஸ்களின் உறுமலில் தொடங்குகிறது. கான்ட்ராபசூன் என்ற அடிக்குரல் ஊதுகருவி இருட்டுக்குள் முனகுகிற மாதிரி எழுந்து, மெல்ல மெல்ல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஏறி வந்து உச்சியில் நிறுத்தும்போது பியானோ தனியாகப் பாயும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். இதை ஃப்ளைஷர் உலகம் முழுக்கக் கொண்டுபோய் வாசித்தார். முதலில் இடது கை இசையைத் தொடவே அவருக்குப் பிடிக்கவில்லை, தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது.

#12 தெற்குவாசல்

இதோடு சேர்த்து ஒன்று. அவருடைய நண்பர் கேரி கிராஃப்மன், அவரும் பெரிய பியானோ கலைஞர், 1979 வாக்கில் அவருக்கும் வலது கை இதேபோல ஆனது. வில்லியம் போல்கம் இருவருக்குமாகச் சேர்த்து 'கையா' (Gaea) என்ற பெயரில் ஒரு படைப்பு எழுதினார்: ஒரு கான்செர்ட்டோ ஒருவருக்கு, இன்னொன்று மற்றவருக்கு, தனித்தனியாகவும் வாசிக்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தால் மூன்றாவதாக ஒரு கான்செர்ட்டோ. இரண்டு இடது கைகள். 1996-ல் பால்டிமோரில் இருவரும் உட்கார்ந்து வாசித்தார்கள். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததில் மனதைத் தொட்ட விஷயம் இதுதான்.

#13 இரவுராகம்

1982-ஐயும் எழுதிவிடுகிறேன், அதை மறைத்துவிட்டுத்தான் பலரும் கதை சொல்கிறார்கள். 1981-ல் மணிக்கட்டில் நரம்பு நெருக்கத்துக்குச் செய்யும் கார்ப்பல் டனல் அறுவை சிகிச்சை செய்தார்கள், கொஞ்சம் தேறியது மாதிரி இருந்தது. 1982 செப்டம்பரில் பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கம் திறப்பு விழா, ஃப்ளைஷர் இரண்டு கையோடும் திரும்புகிறார் என்று ஊரெல்லாம் செய்தி, தொலைக்காட்சியில் ஒளிபரப்பு. ஃபிராங்க் எழுதிய சிம்ஃபனிக் வேரியேஷன்ஸ் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்றது. வாசித்தவருக்கு மட்டும் தெரியும் விரல்கள் இன்னும் தன் வசம் இல்லை என்று. ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரலை ஒளித்து எந்த விரலால் சமாளிப்பது என்பதே வேலையாக இருந்தது. ஊர் அதிசயம் என்று கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் அந்த இரண்டு கை வாசிப்பை நிறுத்திவிட்டு மறுபடி இடது கைக்குப் போனார். கைதட்டல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே இது சரியாக இல்லை என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும். அவர் சொன்ன அந்த மூன்றாவது ஆள் அன்றைக்கு உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

உண்மையான திரும்புதல் 1995-க்குப் பிறகு. தசையை நீவித் தளர்த்தும் ரோல்ஃபிங் சிகிச்சை, அதோடு போட்டாக்ஸ் ஊசி. நரம்போட்டம், போட்டாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியுமா?

#14 நரம்போட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் இடத்தில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளை அது தடுத்துவிடும். அளவுக்கு மீறி இழுக்கும் மடக்கு தசையில் மட்டும் துல்லியமாகப் போட்டால் அந்த இழுப்பு தளரும், விரல் நீள இடம் கிடைக்கும். மூளையில் உள்ள கோளாறு அப்படியேதான் இருக்கும். மூன்று நாலு மாதத்தில் ஊசியின் பலன் குறையும், மறுபடி போட வேண்டும். அளவு கூடினால் விரலில் வலு போய்விடும், அதுவும் ஆபத்து. அதனால் ஃப்ளைஷர் குணமானார் என்று சொல்லக்கூடாது, நோயோடு வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

#15 வெள்ளைக்கட்டை

2004-ல் வந்த 'டூ ஹேண்ட்ஸ்' தட்டை நான் வேண்டுமென்றே கேட்காமல் இருந்தேன். 1962 பிராம்ஸ் கேட்ட காதுக்கு அது வேதனையாக இருக்கும் என்று பயம். இந்த இழைக்காக நேற்று ராத்திரி கேட்டேன். பாக் எழுதிய சின்னச் சின்னத் துண்டுகளோடு தொடங்குகிறது, ஸ்கார்லாட்டி, ஷோப்பன், டெபூஸி, கடைசியில் ஷூபர்ட்டின் பி ஃப்ளாட் சொனாட்டா, அவர் இறந்த வருடம் எழுதியது.

ஷூபர்ட்டில் முதல் மெட்டு ரொம்ப அமைதியாகப் போகும், எட்டாவது பாரில் அடி ஸ்தாயியில் ஒரு டிரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரம் வேகமாக மாறி மாறி ஒலிப்பது), தூரத்தில் இடி உருளுகிற மாதிரி, அவ்வளவு மெல்ல. அப்புறம் மௌனம். அந்த டிரில் இடது கைக்கு உரியது. முப்பது வருடம் அவரைச் சுமந்த கை. அதை அவர் வாசிக்கிற விதத்தில் அவசரமே இல்லை, அதற்குப் பிறகு வரும் மௌனத்தையும் அவர் வாசிக்கிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து போட்டேன். நாலு தடவை.

1962-ல் இருந்த விரல் வேகம் இதில் இல்லை, அது உண்மை. ஆனால் #2-ல் "1964 வரைக்கும்தான்" என்று எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன்.

#16 தெற்குவாசல்

2007-ல் அமெரிக்காவில் கலைஞர்களுக்குத் தரும் கென்னடி மைய விருது. ஈராக் போரில் அன்றைய அரசின் போக்கு பிடிக்காமல், வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போவதா வேண்டாமா என்று தவித்ததைப் பத்திரிகையிலேயே எழுதினார். 2020 ஆகஸ்ட் 2 பால்டிமோரில் மறைந்தார், தொண்ணூற்றிரண்டு வயது.

#17 இரவுராகம்

வெள்ளைக்கட்டை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் போய் அந்த எட்டு பாரைக் கேட்டுவிட்டு வந்தேன். டிரில் இடது கைக்கு என்பது தெரியும், ஆனால் அப்படி யோசித்ததில்லை.

#18 மிருதங்கக்கை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்ன மாதிரி மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அங்கேயே வாசிக்கச் சொல்லிப் பார்த்தார், அரை நிமிடத்தில் தலையை ஆட்டினார். ஃபோகல் டிஸ்டோனியாதான். ஊசி பற்றி இப்போதைக்கு முடிவு இல்லை, முதலில் வேறு பயிற்சி, மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அதுவரை சாப்பு தொடக்கூடாது. அதனால் தினம் காலையில் மிருதங்கத்தை உறையில் இருந்து எடுக்காமலேயே முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கையைத் தொடையில் வைத்து, தாளச்சொல்லை மட்டும் சொல்கிறேன். முதலில் உள்ளுக்குள் கேட்டுவிட்டு, அப்புறம் வாயால். நேற்று மிஸ்ர சாப்பு தாளத்தில் ஒரு மோரா (மூன்று தடவை திரும்ப வரும் முடிப்பு) சொல்லும்போது, நான் இத்தனை வருடமாக நடுவில் வரும் கார்வையை (இடைவெளியை) அரை மாத்திரை முந்தி எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. கையில் வாசித்த காலத்தில் ஒரு நாளும் காதில் விழவில்லை.